கம்பிவேலிக்கு இந்தப்பக்கம் அலெக்சாண்டர்

ஆவணி 3, செவ்வாய்

அப்புனு, உன் கருமாதிக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் போய்விட்டார்கள். வாடகைப் பாத்திரங்களைக் கழுவி அனுப்பிவிட்டேன். வீட்டில் சத்தமே இல்லை. நீ பாடத்தைக் கத்திக் கத்திப் படிப்பாய். "மெதுவாப் படியேன்டா, காது வலிக்குது" என்று நான் எத்தனை தரம் வைதிருப்பேன். இப்போது காது வலிக்கவில்லை.

உரக்கடையில் உனக்குக் கொடுத்த டைரி இது. நான் ஐந்தாவது வரைக்கும்தான். எழுத்து கோணலாகத்தான் வரும். யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை, அதனால் உன்னிடம் எழுதுகிறேன்.

நடந்ததை முதலில் எழுதி வைக்கிறேன். எஸ்.ஐ. செலக்‌ஷனுக்காக நீ விடிகாலையில் வாய்க்கால் மேட்டில் ஓடப் போனாய். விடிந்ததும் தோப்புக்காரப் பண்ணாடியின் ஆட்கள், நீ ரோட்டில் கிடந்தாய் என்று உன்னைத் தூக்கி வந்தார்கள். பண்ணாடி குழந்தைவேலே காரில் வந்தான். புது வேட்டி வாங்கி உன் மேல் போர்த்தினான். "ஓடறப்ப நெஞ்சடைச்சிருக்குது. போலீசு ஆசுபத்திரின்னு போனா பையனை அறுத்துத்தான் குடுப்பாங்க. பெத்தவ நீ தாங்குவியா?" என்றான். எல்லாரும் ஆமாம் என்றார்கள். உன்னை அறுக்காமல் காப்பாற்றினானே என்று நான் அவன் காலில் விழுந்தேன்.

குளிப்பாட்டும்போதுதான் பார்த்தேன். கெண்டைக்காலில் கறுப்பாக ஒரு கோடு, நூல் வைத்து இழுத்த மாதிரி. கேட்டதற்கு முள் கீறியிருக்கும் என்றார்கள்.

முள் கீறினால் தீய்ந்த வாசம் வருமா? நான் வாய் திறப்பதற்குள் பாடைத் தேர் கட்டிவிட்டார்கள்.

ஆவணி 4, புதன்

தேங்காய் மட்டை மில்லுக்குப் போனேன். நார் உதறினேன். கண்ணெல்லாம் தூசி. அழுதாலும் யாருக்கும் தெரியாது, அது ஒரு வசதி.

ஆவணி 9, திங்கள்

ஸ்டேஷனுக்குப் போனேன். வாய்க்கால் மேட்டை ஒட்டின தோப்பைச் சுற்றிப் பண்ணாடி கம்பி இழுத்து, காட்டுப்பன்றிக்காக அதில் கரண்டு விடுகிறான், அதில்தான் என் பையன் செத்தான் என்றேன். ஏட்டய்யா லைன்மேன் ரங்கராசுவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார். கம்பியே இல்லை. கல்லுக்கால்கள் மட்டும் நின்றன. "வேலியே இல்லாத எடத்துல எங்கீங்க கரண்டு?" என்று ரங்கராசு சிரித்தான். நான் ஸ்டேஷன் படியேறும் முன்பே அவன் பண்ணாடிக்குப் போன் போட்டிருப்பான். அவன் தினம் காலையில் காபி குடிப்பது பண்ணாடி வீட்டில்தான்.

சாயங்காலம் மறுபடி போய்ப் பார்த்தேன். கம்பி இருந்தது. கீழே இரண்டு தவளைகள் விறைத்துக் கிடந்தன.

பண்ணாடி சாக வேண்டும், அப்புனு. அதே கம்பியில். நான் பார்க்க வேண்டும்.

ஆவணி 13, வெள்ளி

தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரத்துண்டை உதறினேன். கை அப்படியே நின்றுவிட்டது.

நீ இதே துண்டைத் தரையில் நீளமாக விரித்து, "இதுதாம்மா ஜீலம் நதி" என்பாய். அந்தப்பக்கம் தேங்காய்த்தொட்டிகள், போரஸின் யானைகள். இந்தப்பக்கம் தீக்குச்சிகள், அலெக்சாண்டரின் குதிரைகள். ரசம் கொதித்துக்கொண்டிருக்கும்போது யுத்தம் நடத்துவாய்.

"ஏன்டா, போரஸ் நம்மாளு. நீ எவன் பக்கம்?"

"கேள்வி அவனப் பத்தித்தாம்மா வரும்."

மழைக்காலம், ஆறு நிறையத் தண்ணீர், அக்கரையில் யானைகள். யானையைக் கண்டால் குதிரை ஆற்றில் இறங்காது. அலெக்சாண்டர் என்ன செய்தான்? தினம் கொம்பூதிக்கொண்டு கரையோரம் மேலும் கீழும் குதிரைகளை ஓடவிட்டான். இதோ கடக்கிறான் என்று போரஸும் யானைகளை இழுத்துக்கொண்டு அந்தப்பக்கம் ஓடுவான். ஒன்றும் நடக்காது. மறுபடி கொம்பு, மறுபடி ஓட்டம். கடைசியில் போரஸ் சலித்துப்போய், கத்தினால் கத்தட்டும் என்று உட்கார்ந்துவிட்டான். அன்றைக்குத்தான், மழை கொட்டும்போது, பாதிப் படையை அங்கேயே சத்தம் போட விட்டுவிட்டு, மீதிப் படையோடு மேலே தள்ளிப்போய் ஆற்றைக் கடந்தானாம்.

தீக்குச்சிகளை நீ துண்டின் மடிப்புக்குள் ஒளித்துக் கொண்டுபோவாய். நான் ரசத்தை இறக்க மறந்துவிடுவேன்.

துண்டைக் காயப்போடவில்லை. ரொம்ப நேரம் தரையில் விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆவணி 16, திங்கள்

அந்தக் குதிரைக் கதையும் ஞாபகம் வந்தது. யாருக்கும் அடங்காத குதிரையை அலெக்சாண்டர் சின்னப் பையனாக இருக்கும்போதே அடக்கினான் என்பாயே. எல்லாரும் அதன் காலைப் பார்த்தார்கள், வாயைப் பார்த்தார்கள். இவன் மட்டும்தான் அது எதற்குப் பயப்படுகிறது என்று பார்த்தான். தன் நிழலுக்கே பயந்ததாம். முகத்தைச் சூரியன் பக்கம் திருப்பினான், அடங்கிவிட்டது.

பண்ணாடி எதற்குப் பயப்படுகிறான்? போலீசுக்கு இல்லை. சாமிக்கும் இல்லை. கரண்டு ஆபீஸ்காரர்கள் தோட்டத்துக் கரண்டைப் பிடுங்கிவிடுவார்களோ என்று பயப்படுகிறான். மோட்டார் ஓடாவிட்டால் தென்னை காய்ந்துவிடும்.

ஆவணி 19, வியாழன்

மில்லில் மீட்டர் பார்க்க டவுன் கரண்டு ஆபீஸிலிருந்து புதிதாக ஒரு ஏ.ஈ. அம்மா வந்தது. சுபாஷிணி என்று பெயர். கண்ணாடி போட்ட சின்னப் பெண். அது கை கழுவப் போனபோது பின்னாலேயே போய் எல்லாம் சொன்னேன். உன் காலில் இருந்த கோட்டையும் சொன்னேன்.

அந்தப் பெண் ஈரக்கையோடு அப்படியே நின்றது. "நான் நம்பறேங்கம்மா. ஆனா கரண்டு ஓடிட்டிருக்கறப்ப கையும் களவுமாப் புடிக்கணும். நான் கிளம்பறதுக்குள்ள அவருக்குத் தெரிஞ்சு போயிருது. எங்காபீஸ்லயே சொல்றாங்க."

"அவனுக்குத் தெரியட்டுங்க. நெறையத் தெரியட்டும்" என்றேன்.

அது புரியாமல் பார்த்தது. கீழே கிடந்த நாரை இழுத்து ஆறாகப் போட்டு, நீ செய்த மாதிரியே செய்து காட்டினேன். அது நாருக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தது. பிறகு, "அப்ப நான் இந்த ஊரு ஆளுகள யாரையும் கூப்பிடக் கூடாது. வேற டிவிஷன்ல இருந்து கொண்டாறேன். வாய்க்கால் வழியா ஜீப்பு வருமா?" என்று கேட்டது.

ஆவணி 22, ஞாயிறு

முதல் கொம்பு ஊதினேன். ரங்கராசுவின் பெண்டாட்டி சரசாள் என்னோடு நார் உதறுகிறவள். அவள் காதில், "ஆருகிட்டயும் சொல்லிறாத. நாளைக்குக் கோயமுத்தூர்ல இருந்து பெரிய ஆபீசருங்க தோப்பப் பாக்க வர்றாங்களாம்" என்றேன். சரசாளிடம் யாருக்கும் சொல்லாதே என்றால் போதும்.

ஆவணி 23, திங்கள்

வாய்க்கால் மேட்டில் புல் அறுக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். பண்ணாடியின் ஆள் மாக்காளி விடியும் முன்பே கம்பியைக் கழற்றிச் சுற்றிக்கொண்டிருந்தான். பெரிய தோப்பு. இடுப்பைப் பிடித்துக்கொண்டு பிடித்துக்கொண்டு சுற்றினான். பண்ணாடி வெள்ளைச் சட்டை போட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். மத்தியானம் வரைக்கும் யாரும் வரவில்லை.

உன்னைப் பறிகொடுத்த பிறகு இன்றைக்குத்தான் வயிறு பசித்துச் சாப்பிட்டேன்.

ஆவணி 28, சனி

இந்தத் தரம் கலெக்டர் வருகிறார் என்றேன். மாக்காளி மறுபடி சுற்றினான். மறுபடி கட்டினான். பண்ணாடி வக்கீலையே கூட்டிவந்து உட்கார வைத்திருந்தானாம். பஜ்ஜி வேறு போட்டார்களாம். பஜ்ஜியை வக்கீலே தின்றுவிட்டுப் போனார் என்று சரசாள் சொன்னாள்.

புரட்டாசி 2, வியாழன்

டி.வி.க்காரர்கள் வருகிறார்கள் என்றேன். கம்பியைச் சுற்றவில்லை. வேலிக்குக் கரண்டு கொடுக்கிற கொக்கியை மட்டும் கழற்றினார்கள்.

புரட்டாசி 5, ஞாயிறு

சந்தையில் பண்ணாடி எல்லார் முன்னாலும் கூப்பிட்டான். "ஏம்புள்ள வேலாத்தா, உன்ற ஆபீசருங்க எப்பத்தான் வருவாங்க? என்ற ஊட்ல காப்பித்தூளே தீந்துபோச்சு."

தக்காளிக் கடைக்காரன்கூடச் சிரித்தான். "வருவாங்க சாமி, வருவாங்க" என்று நானும் புத்தி சரியில்லாதவள் மாதிரி சிரித்தேன். சரசாள் என் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். "உனக்கு மண்டையில வெசனம் ஏறிருச்சு அக்கா. பேசாம கோயிலுக்குப் போலாம் வா" என்று அழுதாள். அவளை ஏமாற்றுகிறேன் என்று உறுத்தவில்லை. அவள் புருஷன்தானே பண்ணாடியைக் காப்பாற்றுகிறான்.

போரஸ் காயத்தோடு பிடிபட்டபோதும், என்னை ராஜாவாக நடத்து என்று கேட்டானாம். இவனைப் போரஸ் என்று எழுதினால் போரஸுக்குத்தான் அசிங்கம்.

புரட்டாசி 9, வியாழன்

கம்பியில் ஒரு ஆண் மயில் செத்துக் கிடந்தது. தோகை வாய்க்கால் தண்ணீர் வரைக்கும் நீண்டிருந்தது. நல்ல வெயில் ஏறிய நேரம். முன்பெல்லாம் விடிந்தால் நிறுத்துவான். இப்போது யாரும் வரமாட்டார்கள் என்று அதையும் நிறுத்துவதில்லை. நான்தான் அவனைப் பழக்கிவிட்டேன்.

அந்த வழியாகத்தான் பெண்கள் புல்லுக்குப் போவார்கள்.

புரட்டாசி 10, வெள்ளி

வாய்க்கால் மேட்டில் சிறுத்தையின் கால்தடம் பார்த்தேன் என்று மில்லில் சொன்னேன். தடம் ஒன்றும் இல்லை. பெண்கள் அந்தப்பக்கம் நடமாடினால் ஜீப் வருவதைப் பார்த்துப் பேசிவிடுவார்கள், அதற்காகத்தான் சொன்னேன்.

சாயங்காலத்துக்குள் அதைக் குட்டியோடு பார்த்தவர்கள் மூன்று பேர்.

புரட்டாசி 12, ஞாயிறு

சிறுத்தைக்குப் பயந்து பண்ணாடி இப்போது ராத்திரி பகல் எந்நேரமும் கரண்டு விடுகிறான். நான் இதை நினைக்கவில்லை.

ஏ.ஈ. அம்மாவுக்கு மில் போனிலிருந்து சொன்னேன். "அப்ப இதுதாங்கம்மா நேரம். பண்டிகை கழிஞ்சதும் வந்தறேன்" என்றது. பண்டிகை வரைக்குமா என்று கத்தினேன். ஆட்கள் கிடைக்க வேண்டாமா என்றது. அதுவும் சரிதான். அதுவரைக்கும் நான் தினம் வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்திருக்கிறேன். சும்மாதான். எனக்கு அங்கே காற்று நன்றாக வருகிறது. ஆடு மாடு யார் ஓட்டி வந்தாலும் சிறுத்தை, சிறுத்தை என்று விரட்டுகிறேன்.

புரட்டாசி 15, புதன்

ஆயுத பூஜை. மில்லில் மிஷினுக்கெல்லாம் பொட்டு வைத்தோம். பண்ணாடிச்சி மயிலாத்தா மில்லுக்குப் பொரி கொண்டுவந்தது. என்னிடம் வந்து நின்றது.

"எழவு ஊட்ல பண்டிகை இல்லைன்னு எனக்குந் தெரியும் வேலாத்தா. பொரிதான. வாங்கிக்க."

நான் கை நீட்டவில்லை. என் முகத்தைப் பார்க்க முடியாமல் அது என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தது. இதற்கும் தெரியும். எல்லாம் தெரியும். ராத்திரி அவனுக்குச் சோறு போட்டுவிட்டு எனக்குப் பொரி கொடுக்கிறது. இதன் வீட்டிலும் ஒரு நாள் எழவு விழ வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன்.

புரட்டாசி 19, ஞாயிறு

நாளைக் காலை. அலெக்சாண்டர் பெரிய சண்டைக்கு முன்னால் நன்றாகத் தூங்கினான், எதிரிதான் விழித்தே கிடந்தான் என்பாய். எனக்குத் தூக்கம் வரவில்லை. மழை பெய்கிறது. பெய்யட்டும்.

புரட்டாசி 20, திங்கள்

பொழுது சாய்ந்துவிட்டது. ஆனாலும் இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

விடிந்ததும் பண்ணாடி வீட்டு முன்வாசலுக்குப் போனேன். தலையை அவிழ்த்துவிட்டேன். ஈரமண்ணை வாரி வாரிக் கேட்டின் மேல் எறிந்தேன். "டேய் குழந்தைவேலு, என்ற புள்ளையக் கொன்னுட்டு நீ காப்பி குடிக்கிறியா? உன்ற தோப்பு கருகும்டா, உன்ற மோட்டாரு பத்தி எரியும்டா" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். இது சத்தம் போடுகிற பாதிப் படை. மீதிப் படை பின்னால் வாய்க்கால் மேட்டில் வந்துகொண்டிருந்தது.

சத்தம் கேட்டு எல்லாரும் முன்வாசலுக்கு வந்தார்கள். மாக்காளி வந்தான். ரங்கராசு காபி டம்ளரோடு வந்தான். பண்ணாடி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இன்னிக்கு ஆரு வர்றாங்க? மெட்ராசா, டெல்லியா?" என்றான். ரங்கராசு காபி சிந்தச் சிரித்தான்.

அப்போது தென்னைக்கு நடுவில் காக்கிச் சட்டை தெரிந்தது. முதலில் பார்த்தது பண்ணாடிதான். சிரிப்பு அப்படியே நின்றது. ரங்கராசு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மெதுவாக நழுவினான். பண்ணாடி திரும்பி, பக்கத்தில் நின்ற பெண்டாட்டியிடம் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஓடு. போயி கொக்கியப் புடுங்கி எறி" என்றான். தான் போகவில்லை. ஆபீசர்களைத் தடுக்கப் போகிறவன் மாதிரி நின்ற இடத்திலேயே வேட்டியை மடித்துக் கட்டினான்.

மயிலாத்தா ஓடியது. வெறுங்கால். ராத்திரி மழையில் மோட்டார் ரூம் முன்னால் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அந்தத் தண்ணீர் வழியாகத்தான் வேலிக்குப் போகிற ஒயர் கிடந்தது, ஒட்டுப் போட்ட இடத்தில் சாக்குத்துணி சுற்றி.

கேட்டை எப்படித் திறந்தேன் என்று தெரியவில்லை. ஓடிப்போய் இடுப்போடு கட்டிப் பிடித்துவிட்டேன். "உடுடி, உடுடி" என்று கையைக் கடித்தது. நான் விடவில்லை. கொக்கியைப் பிடுங்கிவிட்டால் எல்லாம் போச்சே. அதற்காகத்தான் பிடித்தேன்.

சுபாஷிணி அம்மா கையில் டெஸ்டரோடு வந்தது. "ஆரும் நவுராதீங்க" என்று ஒரே சத்தம். கம்பியில் வைத்துப் பார்த்தது, போட்டோ எடுத்தது, கூட வந்த போலீசாரையும் ஆபீஸ் ஆட்களையும் பார்க்க வைத்தது. அதற்குப் பிறகுதான் மெயினை அணைத்தார்கள். அதுவரைக்கும் நான் மயிலாத்தாவை விடவில்லை.

பண்ணாடி உடனே, "எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க மேடம். ஆகாதவன் எவனோ ராத்திரி வந்து மாட்டியுட்டுப் போயிருக்கறான்" என்று கும்பிட்டான். நல்லபடியாகத்தான் நடித்தான்.

அந்தப் பெண் மோட்டார் ரூமுக்குள் எட்டிப் பார்த்தது. ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு அழியாமல் இருந்தது. மோட்டாருக்குச் சந்தனம் குங்குமம். ஸ்டார்ட்டருக்குச் சந்தனம் குங்குமம். மண்வெட்டிக்கு, கடப்பாரைக்கு. வேலிக்குப் போகிற திருட்டு சுவிட்சுக்கும் கொக்கிக்கும் அதே மாதிரி சந்தனம், குங்குமம், மேலே ஒரு செவ்வந்திப்பூ.

"இதுக்கு ஆரு பொட்டு வெச்சது?"

மாக்காளி யோசிக்கவே இல்லை. "நாந்தானுங்க. எல்லாத்துக்கும் வெய்டா, ஒண்ணையும் உட்டுறாதன்னு பண்ணாடி சொன்னாருங்க."

யாரோ ஒரு ஆள் சிரித்துவிட்டார். பண்ணாடி மாக்காளியைப் பார்த்த பார்வையில் அவன் பின்னுக்குப் போய் என்மேல் இடித்தான். நான் அவன் சட்டையைப் பிடித்தேன். "என்ற பையன் எங்கடா கெடந்தான்? உன்ற புள்ளைக மேல ஆணையாச் சொல்லு."

மாக்காளி வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். "கம்பியிலதான் அக்கா கெடந்தான். கரண்ட நிறுத்திட்டு நாந்தான் எடுத்தேன். ரோட்டுல போடச் சொன்னாங்க."

போலீசார் அதையும் எழுதிக்கொண்டார்கள். பண்ணாடியை ஜீப்பில் ஏற்றினார்கள். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஜெயித்துவிட்டோம் அப்புனு. நீ நெஞ்சடைத்துச் சாகவில்லை. இனி யாரும் அப்படிச் சொல்ல முடியாது.

புரட்டாசி 22, புதன்

ரங்கராசுவை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். சரசாள் என்னைப் பார்த்துக் காரித் துப்பினாள். துடைத்துக்கொண்டேன். நார் உதறினேன்.

புரட்டாசி 26, ஞாயிறு

மத்தியானம் மயிலாத்தா வந்தது. பண்ணாடி ஜெயிலில்தான் இருக்கிறான். நடந்தே வந்திருக்கிறது. உட்காரச் சொல்லவில்லை, அதுவே நிலைப்படியில் உட்கார்ந்தது. கேஸை வாபஸ் வாங்கச் சொல்லித்தான் கேட்கப்போகிறது என்று அரிவாள்மனையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தேன்.

"அவரு உள்ளயே கெடக்கட்டும்" என்றது. "என்னைய அனுப்பிட்டு அவரு நின்னாரு பாரு. முப்பது வருசம் அந்த ஊட்ல இருந்திருக்கறேன்."

அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியோணும். என்னைய எதுக்குப் புடிச்ச?"

"கொக்கியப் புடுங்கக் கூடாதுன்னு."

"உட்டிருந்தா எங்கூட்லயும் ஒரு எழவு உளுந்திருக்கும். உனக்கும் எனக்கும் சரியாப் போயிருக்கும்."

"அதெல்லாம் நான் நெனைக்கல. கொக்கியப் புடுங்கக் கூடாது. அவ்வளவுதான்."

மயிலாத்தா என் கையைப் பார்த்தது. அது கடித்த இடம் இன்னும் ஆறவில்லை.

"தடுக்கறதுக்குப் புடிச்சா கையப் புடிப்பாங்க. முந்தானையப் புடிப்பாங்க" என்றது. "நீ என்னைய இடுப்போட கட்டித் தூக்கிட்டயே. ரண்டு காலும் தரையில படாம. அந்தம்மா கரண்ட அமத்துற வரைக்கும் தூக்கியே வெச்சிருந்தயே. நான் உன்னைய உட கனம் வேலாத்தா."

எழுந்து போய்விட்டது. பருப்பு அடிப்பிடித்திருந்தது. கழுவி வைத்தேன்.

நான் அவளை மன்னிக்கவில்லை. அவனைத் தூக்கில் போட்டாலும் என் வயிறு ஆறாது. கேஸுக்குக் கூப்பிடும்போதெல்லாம் போவேன், எத்தனை வருஷம் ஆனாலும் போவேன். அதிலெல்லாம் எனக்குச் சந்தேகமே இல்லை. இது ஒன்றுதான் விளங்கவில்லை. அவள் கனம்கூட எனக்கு அப்போது தெரியவில்லை. கையில் நீ சின்னதாக இருந்தபோது இருந்த கனம்தான் இருந்தது.

அந்த ஈரத்தரையிலிருந்து நான் யாரைத் தூக்கினேன், அப்புனு?